300 மீட்டருக்கு எந்த ரைஃபிள் குண்டு?

சென்னையில் மதியம் கடல்காற்று கிளம்பிய பிறகு திறந்தவெளியில் சுட்டவர்களுக்குக் குறுக்குக் காற்று படுத்தும் பாடு தெரியும். தூரம் 300 மீட்டரைத் தாண்டினால் போட்-டெயில் குண்டையே எடுங்கள். பின்பக்கம் குறுகுவதால் அங்கே காற்றின் இழுவை குறைகிறது. வேகம் சீக்கிரம் இறங்காது, காற்றும் அவ்வளவாகத் தள்ளாது.

100, 200 மீட்டருக்கு ஃபிளாட்-பேஸ், அதாவது பின்பக்கம் தட்டையான குண்டு, தாராளமாகப் போதும். பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கலில் வைத்துச் சுடும்) போட்டியாளர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்: ஒரே சீராகத் தயாரிப்பது எளிது, குழல் வாய் விளிம்பில் சிறு தேய்மானம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

அப்புறம், ஒரே எடையில் போட்-டெயில் சற்று நீளம். உங்கள் குழலின் ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் உட்பள்ளங்களின் முறுக்கு) மெதுவானதென்றால், நீளமான குண்டு நிலைகொள்ளாமல் ஆடலாம். வாங்கும் முன் ட்விஸ்டைக் கட்டாயம் பாருங்கள். இலக்குத் தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் அதுதான் குண்டு ஆடுவதன் அறிகுறி.