பழைய டெம்போவில் ஆயில் கசிவு: பேக்கிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் பழைய டெம்போ ஓடாத ஊரைப் பார்ப்பது கஷ்டம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட், குளச்சல், முட்டத்தில் மீன் பெட்டி, மலையோரத்தில் வாழைக்குலை என்று 1986-ல் வந்த டாடா 407-ம் அதன் காலத்து வண்டிகளும் இன்னும் லோடு அடிக்கின்றன. இன்ஜினைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய் படிந்திருந்தால் பாகங்கள் சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் பேக்கிங்கை வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாம் என்று பலரும் இறங்குகிறார்கள். இறங்கலாம், தவறில்லை. ஆனால் புதுப் பேக்கிங் போட்டும் சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி ஒழுகினால், பெரும்பாலும் குறை பேக்கிங்கில் இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் செய்த வேலையில் இருக்கும்.

ஈரமாக இருக்கும் இடம்தான் கசியும் இடம் என்று முடிவு கட்டுவது முதல் தவறு. எண்ணெய் கீழே வடியும், ஃபேன் காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். இன்ஜினின் மேல்மூடியான டாப் கவரின் பேக்கிங்கில் தொடங்கும் கசிவு, இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர் பின்பக்க ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் வளையம்) போய்விட்டது என்று கியர் பாக்ஸையே இறக்கிவிடுவார். அதனால் முதலில் டீசல் தொட்டு பிரஷ்ஷால் அழுக்கை முழுக்கக் கழுவித் துடையுங்கள். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டு, நிறுத்திய பிறகு டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் நூல் போலக் கோடு இழுத்திருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். பல நேரம் அது பேக்கிங்காகவே இருக்காது. ஆயில் பைப்பின் காப்பர் வாஷரோ, ஆயில் பிரஷர் சுவிட்சோ கசிந்துகொண்டிருக்கும். வாசனையும் பாருங்கள், டீசல் லீக்கை ஆயில் லீக் என்று நினைத்து ஏமாறுவதும் நடக்கிறது.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்: பிரீதரைப் பார்க்காமல் விடுவது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் புகை கீழே இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்தக் குழாய் பிசினும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் பலவீனமான இடம் பார்த்து வெளியே வரும். இன்று டாப் கவரை மாற்றினால் நாளை இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரில் ஒழுகும், அதை மாற்றினால் முன் சீலில் ஒழுகும். எனவே பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தும், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? ரிங்கோ, பிஸ்டன் ஓடும் உறையான லைனரோ தேய்ந்திருக்கிறது. அந்த வண்டிக்கு எத்தனை பேக்கிங் மாற்றினாலும் காசு வீண்தான், இன்ஜின் வேலைக்குப் பணம் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

வண்டிக்கு அடியில் படுப்பதில் விளையாட்டே கூடாது. மழை பெய்த செம்மண் முற்றத்தில் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும், சாய்ந்தும் விடும். கீழே தடித்த அயனிப் பலகை போட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும், அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்துபவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கடலோரத்தில் ஓடிய வண்டி என்றால் போல்ட் உப்பில் துருப்பிடித்து இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் தலை முறியும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதில்தான் அவசரம் அதிகம் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் அலுமினியத்தைக் கிழித்தால், அந்த ஒற்றைக் கீறலே புதுக் கசிவுக்கு வழி. பிளாஸ்டிக் தகடோ மரச் செதிலோ எடுத்து, ஊறவைத்துப் பொறுமையாகச் சுரண்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தப் பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போகும். திறந்த ஓட்டைகளில் சுத்தமான துணி அடையுங்கள், எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி, அத்தனையையும் எடுத்த பிறகே மூடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றுக் காலத்தில் வெட்டவெளியில் இன்ஜினைத் திறக்காமல் இருப்பதே நல்லது, மணல் உள்ளே போய்விடும்.

தகட்டுச் சேம்பரைக் கழற்றியதும் அதன் விளிம்பை ஒரு கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு குழிந்து மேடு தட்டியிருக்கும், நடுவே விளக்கு வெளிச்சம் ஊடுருவும். யாரோ முன்பு அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம் அது. அந்த மேட்டை இரும்புப் பட்டைமேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்காமல் புதுப் பேக்கிங் வைத்தால், போல்ட் இருக்கும் இடம் மட்டும் நெரிபடும், இடைவெளியில் எண்ணெய் வழியும். எஸ்டேட் பாதையில் கல் தட்டிச் சேம்பரின் அடி உள்நோக்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் உறிஞ்சும் சல்லடைக்கும் சேம்பரின் அடிக்கும் இடைவெளி குறைந்துவிட்டால் இன்ஜினுக்கே ஆபத்து.

சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அந்தப் புழு போன்ற துண்டு அறுந்து சல்லடையை அடைத்தால் ஆயில் பிரஷர் போய், கிராங்க் பேரிங்கே பிடித்துக்கொள்ளும். கார்க், ரப்பர் பேக்கிங்குக்குப் பெரும்பாலும் பேஸ்ட்டே வேண்டாம், மூலைகளிலும் இணைப்புகளிலும் ஒரு பொட்டு போதும். பேஸ்ட் மட்டுமே போடும் இடத்தில் 2 அல்லது 3 மி.மீ. தடிமனில், போல்ட் ஓட்டையின் உள்பக்கமாக ஒரே கோடு. முழுக்க உறைய ஒரு நாள் ஆகும், உடனே எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இறுக்கும்போது எல்லா போல்ட்டையும் கையால் திருகி, பிறகு நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கார்க் என்றால் அதைவிடவும் குறைவு. கார்க் வெளியே பிதுங்கினால் உள்ளே கிழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஓட்டைக்குள் எண்ணெய் தேங்கி நிற்கக் கூடாது, அதன்மேல் போல்ட்டை இறக்கினால் அழுத்தத்தில் வார்ப்பே விரிசல் விடலாம்.

ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங், வேறு வகை வேலை. மழைக்காலத்தில் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் பால் போல நுரை படியும், அதை வைத்தே ஹெட்டைத் தூக்கிவிடாதீர்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம், ரேடியேட்டரில் விடாமல் குமிழி, தண்ணீர் குறைந்துகொண்டே போவது எல்லாம் சேர்ந்தால்தான் கவலை. சூடான இன்ஜினில் ஹெட் போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும், முழுக்க ஆறட்டும். கழற்றிய ஹெட்டின் சமதளத்தை நேர்ப்பட்டையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட் போல்ட்டைத் தொட வேண்டாம், வாடகைக்காவது வாங்குங்கள். வரிசையும் அளவும் அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்னபடியே. முடிந்ததும் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க மறக்காதீர்கள்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர் கடைக்குப் போகும்போது '407 ஹெட் கேஸ்கட்' என்று மட்டும் கேட்காமல் இன்ஜின் நம்பரைக் கொடுங்கள். 497 இன்ஜின் என்றால் 4 சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), சரி. அதிலேயே டர்போ உள்ளதும் இல்லாததும் உண்டு. பழையதைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோய், புதியதை அதன்மேல் வைத்து ஒவ்வொரு ஓட்டையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்து சில நாள் ஓடிய பிறகு மறுபடி துடைத்துப் பாருங்கள். லேசான ஈரம் கண்டதும் ஸ்பேனரை எடுத்து இறுக்காமல், எங்கிருந்து வருகிறது என்று பவுடர் தூவித் தேடுங்கள். வடித்த பழைய எண்ணெயை ஓடையிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள், அது கிணற்றுத் தண்ணீர்வரை இறங்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.