நனைந்த வீட்டில் பூஞ்சணப் பரிசோதனை: காசு கட்டும் முன் யோசிக்க வேண்டியவை

டித்வா புயல் மழை ஓய்ந்து மூன்றாவது வாரம். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் அம்மாவின் லயக் காம்பராவுக்குள் கால் வைத்தாலே ஈரச்சாக்கு வாடை. பின்சுவரில் இடுப்பு உயரம் வரை கறுப்புப் புள்ளிகள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி பதறிப்போய், ஒன்லைனில் ஒரு பூஞ்சணப் பரிசோதனைப் பெட்டி வாங்கி அனுப்பினான். உள்ளே மூடி போட்ட சின்னத் தட்டு, அதில் ஜெலி மாதிரி ஒரு பசை. மூடியைத் திறந்து அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, மூடி ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் தட்டு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பஞ்சு முளைத்திருந்தது. "இந்த வெசத்துலயா இத்தன நாளு படுத்துக் கெடந்தேன்?" என்று அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தத் தட்டை வெளியே இஸ்தோப்பில் வைத்திருந்தாலும் பஞ்சு முளைத்திருக்கும். தேயிலை மலைக்கு நடுவில் வைத்திருந்தாலும் முளைத்திருக்கும். பூஞ்சணத்தின் வித்திகள், அதாவது அது பரவும் நுண்ணிய விதைகள், காற்றில் எங்கும் உண்டு, பசை கிடைத்தால் வளரும். அம்மா ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்ததுதான் மிச்சம். நனைந்த வீட்டுக்காரர் பலரும் முதலில் செய்யும் தவறு இதுவாகத்தான் இருக்கும்.

காசு கொஞ்சம் அதிகம் இருந்தால் ஆய்வுகூடத்துக் காற்றுப் பரிசோதனை. ஐந்து நிமிடம் பம்ப் வைத்து, 75 லீட்டர் அளவு காற்றை இழுத்து, வித்திகளை எண்ணித் தருவார்கள். வெளிக்காற்றையும் அதே நாளில் எடுத்து ஒப்பிடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒப்பிட்டாலும் அது அந்த ஐந்து நிமிடத்தின் கணக்குத்தான். கதவைத் திறந்தால் ஒன்று, பாயை உதறினால் வேறொன்று. இன்னொரு முறை, தூசியில் 36 பூஞ்சண இனங்களின் மரபணுவைத் தேடி ஒரே எண்ணாகத் தருவது. அதை உருவாக்கியது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகள். அந்த நிறுவனமே அது ஆராய்ச்சிக்கு மட்டும் என்கிறது. அதன் அளவுகோலும் அமெரிக்க வீடுகளை வைத்துச் செய்தது, நம் லயத்துக்குப் பொருந்தாது. இத்தனை வித்திகள் வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஆபத்து என்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட எல்லை எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஈரத்தைத் தடு, வந்த பூஞ்சணத்தை அகற்று என்றுதான் சொல்கிறது.

கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கு வாடை வருகிறது என்றால் பூஞ்சணம் இருக்கிறது. அதன் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. கறுப்பாக இருந்தால் விஷம், வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்பதும் தவறு. நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் சுவரில் இருப்பது பூஞ்சணம்தானா என்று பார்ப்பது அவசியம். நம் வீடுகளில் விறகு அடுப்பு எரிகிறது. அடுப்புப் பக்கச் சுவரின் கறுப்பு பெரும்பாலும் கரி. கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து, ப்ளீச்சில் ஒரு துளியைக் கறுப்பின் மேல் தொட்டு வையுங்கள். ஓரிரண்டு நிமிடத்தில் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சணம், அப்படியே இருந்தால் பெரும்பாலும் கரியோ அழுக்கோ. சுவரில் வெள்ளைப் பொடி இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து போனால் அது உப்புப் பூத்தது. சீமெந்துக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்று பொருள். கழிவறை கழுவும் அசிட்டைப் ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

நான் உண்மையில் சிபாரிசு செய்யும் பரிசோதனைக்கு ஒரு துண்டுப் பொலித்தீன் போதும். ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம்மைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்: சோற்றுப்பானை ஆவி, உள்ளே காயப்போட்ட துணி, இரவெல்லாம் பூட்டிய கதவு. அம்மாவின் காம்பராவில் இரண்டு சுவரில் ஒட்டினோம். அடுப்புப் பக்கம் வெளியே வேர்த்தது. பின்பக்கம் தாளைப் பிரித்தபோது தண்ணீர் கையில் வழிந்தது. வெளியே போய்ப் பார்த்தால், மலையை வெட்டிய பக்கம் வடிகான் முழுக்க மண் சரிந்து அடைபட்டு, அத்திவாரத்தோடு தண்ணீர் தேங்கி நிற்கிறது. தட்டில் பஞ்சு வளர்த்த காசுக்கு இரண்டு மண்வெட்டி வாங்கியிருக்கலாம்.

அந்தப் பின்பக்கம் போகும் முன் ஒன்று. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவை மண்சரிவின் அறிகுறிகள்; இதில் எது கண்ணில் பட்டாலும் பரிசோதனை எல்லாம் அப்புறம். முதலில் வெளியேறி கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்க்கும் வரை திரும்பிப் போக வேண்டாம். 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை நாம் மறக்கவில்லை.

அடுத்த பெரிய தவறு பெயின்ட். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஈரச்சுவரின் மேலேயே பூசிவிடுகிறோம். இரண்டு மாதத்தில் கொப்புளம் கட்டி உரிகிறது, உள்ளே பூஞ்சணம் நிம்மதியாக வளர்ந்திருக்கிறது. செத்த பூஞ்சணமும் இழுப்புக்காரருக்கு ஆகாது. அதனால் மருந்தடித்து மூடாமல் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நனைந்து ஊறிய மெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

பக்டீரியா விஷயத்தில் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வெள்ளம் கழிப்பறைக் குழியைத் தொட்டு வந்திருந்தால் தரையைச் சுரண்டிச் சோதிக்க வேண்டியதில்லை. அசுத்தம் என்றே எடுத்துக்கொண்டு, சவர்க்காரத்தால் கழுவி, பிறகு குளோரின் போடுங்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். ஊற்றிலிருந்து பீலி வழியாக வரும் குடிதண்ணீரைத்தான் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ நீர் வழங்கல் சபையையோ கேளுங்கள். சோடாப் போத்தலைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை நம்ப முடியாது. ஆய்வுகூடம் தரும் போத்தலையே வாங்குங்கள், அதை அலசாதீர்கள். குளோரினை முறிக்கும் மருந்து உள்ளே இருக்கலாம். மூடியின் உட்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், போனால் 24 மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். 100 மில்லி லீட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது. முடிவு வரும் வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனால் ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால், பக்டீரியா இல்லை என்ற அறிக்கை பூச்சிமருந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதற்குத் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும்.

உடைந்து விழுந்த பழைய அஸ்பெஸ்டோஸ் சீட்டைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். நனைத்து, இரட்டைப் பொலித்தீனில் கட்டி வையுங்கள்.

சிறுநீரில் பூஞ்சண விஷத்தைத் தேடும் பரிசோதனைகளும் விற்பனைக்கு இருக்கின்றன. பூஞ்சண விஷம் உணவிலிருந்தும் உடம்புக்குள் போகும். ஆகவே அந்த முடிவு வீட்டைப் பற்றி எதையும் நிரூபிக்காது. பிள்ளைக்கு இருமலோ இழுப்போ விடாமல் இருந்தால் வைத்தியரிடம் போய், "வீட்டுச் சுவர் ரெண்டு மாசமா ஈரமா இருக்கு" என்று சொல்லுங்கள். அவருக்குத் தேவையான தகவல் அது.

பக்கத்துக் காம்பராக்காரர்களும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை கான் வெட்டினோம். தை கடைசியில் மறுபடி பொலித்தீன் ஒட்டிப் பார்த்தபோது தண்ணீர் வழியவில்லை, உள்பக்கம் லேசாக வேர்த்திருந்தது. தம்பி வாங்கி வந்த பெயின்ட் வாளி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தாள் காய்ந்து வரும் வரை அதைத் திறக்க வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.