புதிதாக வந்த கிளிக்குக் குளியல் பழக்குவது எப்படி?

மணி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தை மாதம். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஆண் காக்டெயில் கிளி. அப்போது அவனுக்கு இரண்டு வயது. முன்பு வளர்த்தவர்கள் வேறு ஊருக்குக் குடிபோவதால் தருமபுரியில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். கூண்டு, தீவன டப்பா, கூடவே ஒரு நீல பிளாஸ்டிக் மக். "ஞாயித்துக்கிழமையானா இதுல தண்ணி எடுத்து மேல ஊத்திடுங்க, சுத்தமா இருப்பான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நான் ஊற்றவில்லை. செடிக்குத் தண்ணீர் விட அந்த மக்கை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கமாக நடந்தேன், அவ்வளவுதான். கொண்டை ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நின்றது. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஆளே பாதியாகிவிட்டான். எதிர் மூலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். மக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

சித்திரை மாதம் அதே மணி, தட்டு வைக்கும் சத்தம் கேட்டதும் குச்சியிலிருந்து இறங்கி வந்தான். இடையில் செய்ததைத்தான் எழுதுகிறேன். நம் மொழியில் குளிப்பது வேறு, குளிப்பாட்டுவது வேறு. குழந்தையைக் குளிப்பாட்டலாம், மாட்டைக் குளிப்பாட்டலாம். கிளி தானாகத்தான் குளிக்க வேண்டும். தண்ணீர் கிளியைத் தேடிப் போகக் கூடாது, கிளி தண்ணீரைத் தேடி வர வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

ஆரம்பிக்கும் முன்: என்ன கிளி?

உங்களிடம் வந்திருப்பது நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் குளியல் பேச்சுக்கே இடமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். சன் கொன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வளர்க்கலாம். ஆனால் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறி வந்த பறவை என்றால் அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காக்டெயிலும், கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜியும் அப்படிப் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் இல்லை.

நான் சொல்வது காக்டெயிலை வைத்து. பட்ஜிக்கும் கொன்யூருக்கும் வழி இதுவேதான், வேகம்தான் மாறும். கொன்யூர் தண்ணீரைக் கண்டால் பெரும்பாலும் தானே குதித்துவிடும். காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, கொஞ்சம் யோசித்துத்தான் இறங்கும்.

முதல் இரண்டு வாரம்: தண்ணீரே வேண்டாம்

புது வீடு, புதுக் குரல், புது வெளிச்சம். பறவைக்கு அதுவே போதும் போதும் என்றிருக்கும். இந்த நாட்களில் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், தீவனம் வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நன்றாகச் சாப்பிடுகிறதா, எச்சம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பகலிலும் இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு தூங்கி வழிந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ அது நோய் அறிகுறி. அந்தப் பறவையை நனைக்கவே கூடாது. பறவைக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளூரில் கிடைக்காவிட்டால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொரு வேலையும் இந்த இரண்டு வாரத்தில் உண்டு. பறவை எதைக் கண்டு மிரள்கிறது என்று கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அது நீல மக். உங்கள் கிளிக்குத் துண்டாக இருக்கலாம், குழாய்ச் சத்தமாக இருக்கலாம். அதை அதன் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். நாங்கள் மக்கை மாடிக்கு அனுப்பினோம். அது இன்றுவரை கீழே வரவில்லை.

முதல் படி: வெறும் தட்டு

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வழவழப்பு பூசாத, சாதா மண் தட்டு. கனமாக இருப்பதால் பறவை விளிம்பில் ஏறினாலும் கவிழாது. சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. எவர்சில்வர் தட்டில் இரண்டு வசதியும் இல்லை. ஒருமுறை வழுக்கினால் மறுபடி அதில் இறக்குவது கஷ்டம். அகலம் பறவை சிறகை விரிக்கும் அளவுக்கு, ஆழம் இரண்டு விரற்கடை. போதும்.

தட்டைக் கழுவிக் காயவைத்து, தண்ணீர் ஊற்றாமல் கூண்டுக்கு வெளியே கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் கூண்டுக்குள், தரையில். அதில் ஒரு தினைக்கதிர்.

தினைதான் நம் கையில் இருக்கும் பெரிய துருப்பு. நம் பக்கத்தில் கேழ்வரகும் தினையும் சாமையும் தேடி அலைய வேண்டியதில்லை. தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் எறிந்து கிளி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. நாம் அதே கதிரைக் காட்டிக் கிளியை அழைக்கப் போகிறோம். கதிராகக் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் உமி நீக்காத தினை ஒரு சிட்டிகை தட்டில் தூவுங்கள். மற்ற நேரத்தில் தினை கொடுக்காதீர்கள். தட்டில் மட்டுமே அது கிடைக்க வேண்டும்.

மணி மூன்று நாள் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். நான்காம் நாள் விளிம்பை அலகால் கொத்திப் பார்த்தான், மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான், அப்புறம் ஒரு காலை உள்ளே வைத்துக் கதிரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். அதுவே பெரிய வெற்றி. அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பயமில்லாமல் தட்டுக்குள் நின்று சாப்பிடும் வரைக்கும் காத்திருங்கள்.

இரண்டாம் படி: நனைந்த முருங்கைக்கீரை

எல்லாப் படிகளிலும் எனக்கு அதிகம் பிடித்தது இது. பல கிளி இனங்கள் காட்டில் மழைக்குப் பிறகு ஈர இலைகளுக்குள் புகுந்து உரசிக் குளிக்கும். பட்ஜிக்கு ஈரப்புல் என்றால் உயிர். கிண்ணத்தைப் பார்த்து மிரளும் பறவைகூட இலையைப் பார்த்து மிரளாது.

முருங்கையில் ஒரு பெரிய கொத்து ஒடித்து வாருங்கள். வீட்டு மரமாக இருந்தால் மருந்து அடித்த பயம் இல்லை. சந்தையில் வாங்கும் கொத்தமல்லிக் கட்டு என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள். உதறாமல், சொட்டச் சொட்டக் கூண்டின் உட்புறம், குச்சி உயரத்தில் துணி கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நாம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் அது நம்மைத்தான் பார்க்கும்.

முதலில் தின்னும். இலையைக் கிழித்துப் போடும். சொட்டு முகத்தில் விழும், தலையை உதறும். ஓடவில்லை என்றால் நல்லது. மணி ஐந்தாறு நாள் தின்பதோடு சரி. ஒரு நாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "இங்க வந்து பாரு" என்று அம்மா ரகசியக் குரலில் கூப்பிட்டார். கன்னத்தை இலையில் தேய்க்கிறான். அப்புறம் கழுத்து. அப்புறம் தலையைக் கொத்துக்குள் விட்டு, ஒரு பக்கச் சிறகைத் தளர்த்தி, வாலை விசிறியாக விரித்தான். ஈரத்தில் கொண்டை நான்கைந்து நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மூன்று நிமிஷம் இருக்கும். நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் படி: தட்டில் தண்ணீர்

இனி தட்டில் தண்ணீர் ஊற்றலாம். அரை விரற்கடை ஆழம், பறவையின் பாதம் நனைந்தால் போதும். மேலே நாலு முருங்கை இலையை மிதக்க விடுங்கள். நீங்களும் விரலை விட்டு மெதுவாகத் தெறித்துக் காட்டுங்கள். தண்ணீர் அசையும் சத்தம் பல கிளிகளைக் கிளப்பிவிடும்.

என்ன தண்ணீர்? குளிக்கும் கிளி அதையே குடிக்கவும் செய்யும். ஆகவே குடிக்கிற தண்ணீர்தான். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எனவே ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் எடுங்கள். குளோரின் வாடையும் போயிருக்கும், வீட்டுச் சூட்டுக்கும் வந்திருக்கும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரை நேராகப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். மத்தியானம் அது கையைச் சுடும். கிளி இறகில் இருக்கும் எண்ணெய்ப் பதத்தை வெந்நீர் எடுத்துவிடும்.

தண்ணீர் மட்டும்தான், வேறு எதுவும் வேண்டாம். சோப்பு, ஷாம்பு, மஞ்சள், வேப்பிலைச் சாறு எதுவும் கூடாது. வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து, இறகு இறகாகத் தடவிக்கொள்ளும் பறவை அது. நாம் தடவுவதெல்லாம் அந்த அலகு வழியாக வயிற்றுக்குள் போகும். பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நான்காம் படி: ஸ்ப்ரே (தேவைப்பட்டால்)

தட்டிலும் இலையிலும் குளிக்கிற பறவைக்கு ஸ்ப்ரே அவசியமில்லை. சில பறவைகளுக்குத் தூறல்தான் பிடிக்கும், அவற்றுக்காகச் சொல்கிறேன். புது பாட்டில் வாங்குங்கள். செடிக்கு மருந்தடித்தது, கண்ணாடி துடைத்தது வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். முதல் சில நாள் பறவையை விட்டுவிட்டுச் செடிமேல் அடியுங்கள், அது பார்த்துக்கொண்டிருக்கட்டும். அப்புறம் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, மேல்நோக்கி அடியுங்கள். பனி மாதிரி தானாக இறங்கி அதன்மேல் விழ வேண்டும். முகத்துக்கு நேராக ஒருபோதும் வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே மாதத்தில் பாட்டில் முனையில் வெள்ளையாக உப்பு அடைத்து, தூறல் வர வேண்டிய இடத்தில் பீச்சிக்கொண்டு வரும். அந்தப் பீச்சல்தான் பறவையை மிரட்டும்.

சிறகை விரித்து, தலையைத் தாழ்த்தி, உடம்பை உப்பினால் 'இன்னும் வேண்டும்' என்று அர்த்தம். இறகை ஒட்டிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, விலகி நகர்ந்தால் 'வேண்டாம்'. வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். இதில் 'ஒரே ஒரு தடவை' என்று அடித்தால் ஒரு மாத உழைப்பு போய்விடும். எனக்குப் போயிருக்கிறது. மாசியில் அவசரப்பட்டு ஒருமுறை கூடுதலாக அடித்துவிட்டு, மறுபடி வெறும் தட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

எப்போது, எத்தனை முறை

காலை ஒன்பது மணிக்கு மேல், மத்தியானத்துக்குள். சாயங்காலம் வேண்டாம், ஈரத்தோடு தூங்கக் கூடாது. வாரம் இரண்டு மூன்று முறை தட்டு வைத்தால் போதும். கோடையில் தினமும் வைக்கலாம். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் மார்கழி, தையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு வையுங்கள், பனி மூட்டமான நாளில் விட்டுவிடுங்கள். இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும் காலத்தில் தட்டு தவறாமல் இருக்கட்டும். முளையைச் சுற்றியிருக்கும் உறை ஈரத்தில் இளகும், அரிப்பு குறையும். காக்டெயிலுக்கு இறகில் வெள்ளைப் பொடி நிறைய. கூண்டடியிலும் பக்கத்து ஷெல்ஃபிலும் மாவு தூவினது போலப் படியும். ஒழுங்காகக் குளிக்க ஆரம்பித்தால் அது கண்ணெதிரே குறையும்.

காயவைப்பது

பறவை தன்னைத் தானே காயவைத்துக்கொள்ளும். துண்டால் துடைக்க வேண்டாம். ஹேர் டிரையர் கூடவே கூடாது: சூடு மட்டும் காரணமில்லை, சில டிரையர்களின் உள்ளே இருக்கும் நான்ஸ்டிக் பூச்சு சூடாகும்போது வரும் புகை கிளியைக் கொன்றுவிடும். அதிகம் காய்ந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. கூண்டு சமையலறைப் பக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நனைந்த கிளி சரியாகப் பறக்காது, சுற்றும் விசிறி பக்கம் போனால் அவ்வளவுதான். கூண்டில் பாதிக்கு வெயிலும் பாதிக்கு நிழலும் விழும்படி ஜன்னலோரம் வையுங்கள். எந்தப் பக்கம் நிற்பது என்று அதுவே முடிவு செய்யும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் இறகு கோதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கையில் எடுக்க ஆசையாக இருக்கும், எடுக்காதீர்கள்.

பறவை மேலே ஏறியதும் தட்டை உடனே எடுத்துவிடுங்கள். குளிக்கும் தண்ணீரிலேயே எச்சமும் போட்டிருக்கும், அதையே குடிக்கவும் வரும். தட்டை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது துளசி மாடத்துப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். காலையில் அதை எடுக்கும்போது திண்ணைக் கல்லில் உரசி ஒரு சத்தம் வரும். மணி கூண்டுக் கதவுக்கு வருவது அந்தச் சத்தத்துக்குத்தான்.