அமெரிக்கப் பல்கலைக்கழகத் தடுப்பூசிப் படிவம்: டர்பன் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகளின் தடுப்பூசிகளைக் குறித்த கிளினிக் அட்டை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டுச் சாமி அறை அலமாரியில் 18 ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. மடிப்புதான் தேய்ந்திருந்தது, ஓர் ஊசியும் விடுபடவில்லை. அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்ததும் அட்டையைப் படம்பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். தட்டம்மைக்குப் போதிய சான்று இல்லை என்று பதில் வந்தது. கைக்குழந்தையோடு விடியற்காலையிலேயே கிளினிக் வரிசையில் நின்ற அக்கா அதைப் படித்துவிட்டு அழுதாள்.

அட்டையில் பிழை இல்லை. அவர்கள் கேட்பது வேறு. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இங்கே அரசு கிளினிக்குகளில் 9ஆம் மாதமும் 18ஆம் மாதமும் போட்டது தட்டம்மை ஊசி மட்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கேட்பது எம்எம்ஆர்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்தது, இரண்டு தவணை. முதல் பிறந்த நாளுக்கு முன் போட்டதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக 9ஆம் மாத ஊசி அடிபட்டுப் போகிறது. தனியார் மருத்துவரிடம் போட்டவர்களின் அட்டையில் எம்எம்ஆர் என்றே இருக்கலாம். அனுப்பும் முன் ஊசியின் பெயரையும் குழந்தையின் அன்றைய வயதையும் வரிவரியாகப் பாருங்கள்.

குறை இருந்தால் வாதாடி நாளைக் கடத்தாதீர்கள். இரண்டு தவணைக்கும் இடையே குறைந்தது 28 நாள் வேண்டும். ஜூலையில் விழித்துக்கொண்டால் ஆகஸ்டில் வகுப்புப் பதிவு முடங்கும். இரத்தத்தில் எதிர்ப்புசக்தி பார்க்கும் ஐஜிஜி பரிசோதனையைப் பல இடங்களில் ஏற்கிறார்கள்; ஆனால் "எதிர்ப்புசக்தி உண்டு" என்ற மருத்துவர் கடிதம் போதாது, ஆய்வுக்கூடத்தின் அறிக்கையையே அனுப்ப வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையில் இன்னொரு சிக்கல். நம் பிள்ளைகள் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். பிசிஜியால் குழம்பாத இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதை எம்எம்ஆர் போடும் நாளிலேயே செய்துவிடலாம். தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

தேதியால் நாங்கள் பட்டது தனி. அக்கா மகளுடைய புதிய ஊசிகளை மருந்தகத்தில் 08/03/2025, 05/04/2025 என்று எழுதினார்கள். நமக்கு அது மார்ச் 8, ஏப்ரல் 5. மாதத்தை முன்னே எழுதும் அமெரிக்கருக்கு அது ஆகஸ்ட் 3, மே 4. ஜூனில் படிவத்தைப் பார்த்தவருக்கு முதல் தவணை இன்னும் வராத நாளில் இருந்தது! மறுபடியும் திரும்பி வந்தது. மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, பெயர். பல அட்டைகளில் பெயரிடும் முன்பே குடும்பப் பெயரை மட்டும் வைத்து எழுதிய "கோவிந்தர் குழந்தை" என்பது போன்றதுதான் இருக்கும். அதை வீட்டில் பேனா எடுத்துத் திருத்தவே கூடாது. திருத்திய அட்டையைப் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். நாங்கள் பிறப்புச் சான்றிதழோடு கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த சிஸ்டர் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து முழுப் பெயரை எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.