கூம்புத் தொட்டி வாங்குகிறீர்களா? அடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எவர்சில்வர் தொட்டிகள் செய்யும் பட்டறை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பால் பண்ணைகளுக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் செய்ததுபோக, பெங்களூருவில் பீர் காய்ச்சி விற்கும் கூடங்களுக்கும் கூம்புத் தொட்டிகள், அதாவது மதுவைப் புளிக்கவைக்கும், அடி கூம்பாகக் குறுகும் தொட்டிகள் அனுப்பியிருக்கிறோம். போன மாதம் லண்டனிலிருந்து அக்கா மகன் அழைத்தான். "மாமா, வீட்டிலேயே தேன்மது போடப் போகிறேன். பிறகு பீரும் காய்ச்ச ஆசை. இருபது தொட்டிகளின் படம் பார்த்துவிட்டேன், எல்லாமே ஒன்றுபோல மின்னுகின்றன. எதை வாங்குவது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதற்கு 1963 முதல் உரிமம் தேவையில்லை. வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சென்னையில் இருக்கும் நான் தொட்டிகளைச் சோதிப்பது தண்ணீர் ஊற்றித்தான்.

கூம்பு எதற்கு?

மூங்கில் குழாயில் தேனை விளையவைத்து எடுத்த மதுவைச் சங்கப் பாடல்கள் தேறல் என்கின்றன. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசுவார்களே, அதே சொல்தான். கூம்புத் தொட்டியின் வேலையும் இதுவே. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்ததும் மண்டியாகக் கீழே இறங்கும். அடி தட்டையாக இருந்தால் அது முழு அகலத்துக்கும் பரவிக் கிடக்கும். தெளிவை மேலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். அடி கூம்பாக இருந்தால் மண்டி சரிந்து முனைக்கு வரும், வால்வைத் திறந்து அதை மட்டும் வெளியேற்றிவிடலாம்.

தேன்மது மட்டும்தான் போடப் போகிறீர்கள், அதுவும் முதல்முறை என்றால், உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி ஒன்றும் கண்ணாடிக் குடுவை ஒன்றும் போதும். தேன்மது மூன்று நான்கு வாரம் நுரைத்து அடங்கும், அதன்பின் தெளிந்து முதிரப் பல மாதங்கள் கேட்கும். அவ்வளவு காலமும் விலையுயர்ந்த தொட்டியை அடைத்துவைப்பதில் பொருளில்லை. பீரும் சேர்த்துக் காய்ச்சுவீர்கள், இறங்கிய ஈஸ்ட்டை எடுத்து அடுத்த முறைக்கு விடுவீர்கள் என்றால் கூம்பு தன் விலையை மீட்டுத் தந்துவிடும்.

முதல் படி: அளவு

20 லிட்டர் தேன்மதுவுக்குச் சுமார் 6 கிலோ தேன் எடுத்து, மொத்தம் 20 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்தால், முழுவதும் புளித்தபின் மதுச்சத்து 11 அல்லது 12 சதவீதம் வரும். இதற்கு 20 லிட்டர் தொட்டி வாங்கிவிடாதீர்கள். ஈஸ்ட்டுக்குச் சத்துப்பொடி போட்ட நொடியில், கரைந்திருந்த கரியமில வாயு ஒரேயடியாகக் கிளம்பி நுரை பொங்கும். கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும். எனவே 27 அல்லது 30 லிட்டர் எடுங்கள். அதற்காக 60 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் ஊற்றுவதும் தவறு. தெளிந்த பானத்தை எடுக்கும் பக்கவாட்டுக் குழாய் திரவத்துக்கு மேலே நிற்கும், புளிப்பு அடங்கியபின் உள்ளே தங்கும் காற்று சுவையைக் கெடுக்கும்.

இரண்டாம் படி: கூம்பின் சரிவு

முனைக்கோணம் 60 பாகை என்பது தொழிலில் நிலைத்த கணக்கு. அந்தச் சரிவில் ஈஸ்ட் தானாக வழுக்கி இறங்கும். விற்பவர் கோணத்தைச் சொல்லாவிட்டாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். 60 பாகை என்றால் பக்கவாட்டில் கூம்பு சமபக்க முக்கோணமாகத் தெரியும். விட்டம் 30 செ.மீ. என்றால் கூம்பின் ஆழம் 26 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். 15 செ.மீ. என்று போட்டிருந்தால் கோணம் 90 பாகை. அதில் மண்டி வழுக்காமல் சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும்.

மூன்றாம் படி: அடி வால்வு

தொட்டியின் உயிர் இங்கேதான். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த வாய் வேண்டாம். பழம் சேர்த்துப் போடுவீர்களானால் இரண்டு அங்குலம் நல்லது. வட்டத் தகடு திரும்பித் திறக்கும் பட்டர்ஃபிளை வால்வை, பிடித்திருக்கும் கிளாம்பை அவிழ்த்து வெளியே எடுத்து முழுதாகக் கழுவலாம். துளையுள்ள பந்து சுழன்று திறக்கும் பந்து வால்வு (ball valve) மலிவு. ஆனால் பந்துக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் பழைய திரவம் தங்கிக் கெடும். அதைத்தான் வாங்குவது என்றால் மூன்று துண்டாகக் கழலும் வகையாக வாங்குங்கள். வால்வுக்குக் கீழே ஒரு ஜாடி நிற்கும் அளவுக்குக் கால்களின் உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதைத் தொட்டி வீட்டுக்கு வந்தபிறகே கவனிக்கிறார்கள்.

இந்த வால்வைத் திறக்கும் விதத்தைப் பெங்களூருவில் ஒரு கூடத்தில் நின்று பார்த்துக் கற்றேன். கைப்பிடியை மெல்லக் கால்வாசி திருப்பினால் முதலில் ஒன்றும் வராது. பிறகு கெட்டித் தயிர் போல, வெளிர்பழுப்பில், ஈஸ்ட் தடித்த கயிறாக இறங்கும். அப்போது பொறுமை வேண்டும். அவசரப்பட்டு முழுதாகத் திறந்தால் நடுவில் மட்டும் ஓட்டை விழுந்து, தெளிந்த பானம் அதன் வழியே கொட்டிவிடும். மண்டி சுற்றுச்சுவரில் அப்படியே நிற்கும்.

நான்காம் படி: உட்புற வெல்டிங்

வெளியே கண்ணாடிபோலப் பளபளப்பது பஃபிங் செய்தவரின், அதாவது மெருகேற்றியவரின் திறமை. தொட்டி செய்தவரின் திறமை உள்ளே இருக்கிறது. செல்போன் விளக்கைத் தொட்டிக்குள் காட்டி, உருளையும் கூம்பும் சேரும் இணைப்பில் விரல்நுனியை வைத்து ஒரு சுற்று வாருங்கள். விரல் எங்கும் தடுக்கக் கூடாது. அடிப்பிடித்த வெல்லப்பாகு போலக் கறுத்துப் பொரிந்த இடம் தென்பட்டால் அந்தத் தொட்டி வேண்டாம். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது மறுபக்கத்திலும் ஆர்கான் வாயு நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான எஃகு காற்றோடு சேர்ந்து இப்படிக் கருகிவிடும். அந்தப் பொரிகளுக்குள் கிருமிகள் குடியேறும், எந்தப் பிரஷும் அங்கே எட்டாது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையனிடம் உள்பக்க வாயுவைத் திறக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அந்தக் கூம்பையே வெட்டி எடுத்துவிட்டு வேறு கூம்பு வைத்தோம். தேய்த்து மறைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இணையத்தில் வாங்குபவர்கள் உட்புறப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் கடையை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எஃகு

எவர்சில்வரில் 304 என்ற ரகம் போதும், அதைவிட உயர்ந்த 316 தேவையில்லை. 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். புளிப்பும் உப்பும் பட்டால் சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பாதீர்கள், 202உம் பெரும்பாலும் ஒட்டாது. சென்னை செம்புதாஸ் தெருவில் தகடு வாங்கப் போனால் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொட்டு, நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் எடுப்போம்.

பிளாஸ்டிக் கூம்புகளும் உண்டு. உள்ளே நடப்பது தெரியும், விலை குறைவு, கற்றுக்கொள்ள நல்லவை. கொதிநீர் ஊற்றினால் உருக்குலையும், கீறல் விழுந்தால் கிருமி தங்கும்.

மூடியும் வெப்பமும்

மூடியில் வாயு வெளியேற வழி கட்டாயம் வேண்டும். சாதாரணத் தொட்டியை முழுதாக அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி வெடிக்கும் ஆபத்து உண்டு. அழுத்தம் தாங்கும் வகை வேண்டுமென்றால், எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூடு கிளப்பும். லண்டனில் அறையின் குளிரே சமாளித்துவிடும். சிங்கப்பூர் போன்ற ஊரில் குளிர்நீர் ஓடும் சுருள்குழாய் உள்ள மூடி இல்லாமல் தொடங்காதீர்கள். வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டிப் புளித்தால் தொண்டையை எரிக்கும் காரம் வந்துவிடும்.

வந்த அன்று செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் கழற்றி, வெந்நீரும் சோப்பும் விட்டுப் பஃபிங் எண்ணெய் போகும்வரை கழுவுங்கள். பிளீச்சிங் திரவம் மட்டும் படவே கூடாது, குளோரின் எஃகில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். உப்பேறிய போர்வெல் தண்ணீரையும் உள்ளே தேங்க விடாதீர்கள். கழுவி மாட்டியபின் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கால்களுக்கிடையே பழைய செய்தித்தாளை விரித்து, ஓர் இரவு விடுங்கள்.

அக்கா மகன் மறுநாள் காலை படம் அனுப்பினான். தாளின் நடுவில் ஒரு ரூபாய் அளவில் ஈரம். வால்வை இறுக்கிக்கொண்டே போக வேண்டாம், கிளாம்பை அவிழ்த்து, கசிவைத் தடுக்கும் வளையமான கேஸ்கெட்டைப் பார் என்றேன். ஒரு பக்கம் பள்ளத்தில் உட்காராமல் மடிந்திருந்தது. சரியாக உட்காரவைத்து மறுபடி நிரப்பினான். இரண்டாம் நாள் தாள் காய்ந்தே இருந்தது. தேன் அதன்பிறகே வாங்கினான்.