உருக்கு வார்ப்புத் தொட்டிகளின் லைனிங்: வன்னி மேசன்மார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமிருந்து மேசன் வேலை பழகிய பெடியள் வளைகுடாவுக்குப் போகும்போது எல்லோருக்கும் கட்டட வேலை கிடைப்பதில்லை. கத்தாரில் மெசையீத், சவூதியில் ஜுபைல், அபுதாபியில் முசஃபா, ஓமானில் சொஹார் என்று உருக்காலைகள் உள்ள ஊர்களில் போய் இறங்குகிறவர்களும் உண்டு. விசாவில் மேசன் என்றே இருக்கும். கையில் கரண்டியும் தருவார்கள். கட்டச் சொல்வது மட்டும், 1550 பாகை செல்சியஸ் அளவில் உருகி நிற்கும் உருக்கைத் தாங்க வேண்டிய தொட்டியின் உட்சுவரை.

அந்த உட்சுவரைத்தான் லைனிங் என்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலும் தொழிற்பயிற்சியும் படிக்கிற தம்பி தங்கைமாருக்கும், ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பார்த்த லைனிங் கோளாறுகளில் அநேகமானவை உருக்கு வந்து படுவதற்கு முன்பே உள்ளே குடியேறிவிட்டவை. கலக்கிய இடத்தில், அடுக்கி வைத்த இடத்தில், காயவைத்த இடத்தில் தொடங்கியவை. பெரும்பாலும் எல்லாவற்றிலும் தண்ணீரின் பங்கு இருந்தது. குளத்தையும் வாய்க்காலையும் நம்பி விதைக்கிற நமக்கு, தண்ணீர் கூடினால் நல்லது என்ற எண்ணம் கையிலேயே ஊறியிருக்கிறது. லைனிங் வேலையில் முதலில் அதை மறக்க வேண்டும்.

தொடர் வார்ப்பு நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலையிலிருந்து உருக்கு, லேடில் என்ற பெரிய வாளியில் வந்து சேரும். லேடிலின் அடித்துவாரத்தால் டன்டிஷ் என்ற நீளத் தொட்டிக்குள் இறங்கும். அங்கிருந்து, தண்ணீரால் குளிரூட்டப்படும் செப்பு மோல்டுகளுக்குள் (அச்சுகளுக்குள்) போய் வெளித்தோல் இறுகி, பில்லெட் என்ற நீளக் கட்டையாகவோ சிலாப் என்ற தட்டைப் பாளமாகவோ இடைவிடாமல் கீழே இழுபடும். ஒரு லேடில் முடிய அடுத்த லேடில் வந்து நிற்கும். அந்த மாற்றத்தின்போது உருக்கைக் கையிருப்பில் வைத்திருப்பது டன்டிஷ்தான். அதன் லைனிங் விட்டுக்கொடுத்தால் முழு லைனும் நிற்கும். டன்டிஷின் இரும்பு உடலுக்கு உட்புறம் சூடு கடத்தாத ஒரு படை, அதன்மேல் உயர் அலுமினாக் காஸ்டபிளாலோ (தண்ணீரில் குழைத்துக் கொட்டும், சூடு தாங்கும் கொங்கிறீற்று) கல்லாலோ ஆன சேஃப்டி லைனிங், அதற்கும் மேல் உருக்கு நேரே படும், மக்னீசியாவால் (மக்னீசியம் ஒட்சைட்டால்) ஆன தேய்படை. தேய்படை பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு தொடர் வார்ப்பு முடிந்ததும் அதை உதிர்த்துக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். சேஃப்டி லைனிங் மாதக்கணக்கில் நிற்க வேண்டியது.

கலவையில் ஒரு கோப்பை கூடினால்

குறைந்த சீமெந்துக் காஸ்டபிளுக்கு மூடையின் நிறையில் 5 முதல் 7 வீதம் தண்ணீர் போதும். 25 கிலோ மூடைக்கு ஒன்றேகால் லீற்றர் தொடக்கம் ஒன்றேமுக்கால் லீற்றர் வரை. சரியான அளவு மூடையிலோ தரவுத் தாளிலோ அச்சிட்டிருக்கும். அதை அளந்து விட்டால் மிக்சருக்குள் கலவை புட்டுக்குக் குழைத்த மா மாதிரி உதிரியாகக் கிடக்கும். சுவர் பூசிப் பழகிய கண்ணுக்கு இது பிழையாகத் தெரியும். "இன்னும் கொஞ்சம் விடடா" என்று யாராவது ஒருவர் சொல்லுவார். அங்கேதான் லைனிங்கின் ஆயுள் பாதியாகிறது.

உதிரியாகத் தெரியும் அந்தக் கலவை, வைபிறேற்றர் பிடித்தவுடன் இளகி, மினுங்கி, மூலையெல்லாம் தானாக நிரம்பும். அதற்கு முன் அதைத் தீர்மானிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் கையால் சோதிக்கலாம். கையுறையோடு ஒரு பிடி அள்ளி உருண்டையாக்கி, ஒரு சாண் ஒன்றரைச் சாண் உயரம் மேலே எறிந்து அதே கையில் பிடியுங்கள். உடைந்து சிதறினால் தண்ணீர் குறைவு. விரலிடுக்கால் வழிந்தால் தண்ணீர் கூடுதல். உள்ளங்கையின் வடிவத்துக்குச் சற்றே தட்டையாகி, உடையாமல் இருந்தால் பதம் சரி. உலகம் முழுக்க லைனிங் வேலைக்காரர் செய்கிற சோதனை இது. அரை நிமிடம்கூட ஆகாது.

ஒரு மூடைக்கு அரை லீற்றர் கூட விட்டால் தண்ணீர் இரண்டு வீதம் கூடுகிறது. அந்தத் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். அது இருந்த இடம் வெறும் துளையாக நிற்கும். துளை கூடினால் பலம் குறையும், உருக்கின் மேல் மிதக்கும் கசடு அந்தத் துளைகளால் உள்ளே ஊறும். வெளியே பார்த்தால் வழுவழுப்பாக, அழகாக இருக்கும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

தண்ணீரின் தரமும் முக்கியம். குடிக்கக்கூடிய தண்ணீர் வேண்டும். நம் கரையோரக் கிணறுகள் போல உவர் தண்ணீர் விட்டால் இறுகும் நேரம் மாறும், காஸ்டபிளைப் பிடித்து வைக்க உள்ளே பற்றவைத்த அங்கர் கம்பிகளும் அரிபடும். வெயிலில் கிடந்து சுட்ட மூடையைச் சுட்ட தண்ணீரில் கலந்தால் கொட்டி முடிப்பதற்குள்ளேயே இறுகத் தொடங்கும். வளைகுடாக் கோடையில் இந்த வேலையை இரவில் வைப்பதும், தண்ணீருக்குள் ஐஸ் போடுவதும் அதனால்தான். சாதாரண சீமெந்து கலந்த மிக்சரைக் கழுவாமல் பாவிப்பது இன்னொரு பெருந்தவறு. காஸ்டபிளில் இருப்பது கல்சியம் அலுமினேற் சீமெந்து. அதில் கட்டடச் சீமெந்தின் மிச்சம் சேர்ந்தால் மிக்சருக்குள்ளேயே கட்டிபடும்.

கொங்கிறீற்றுக்கு ஏழு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது நமக்குப் பாடமாகச் சொல்லித் தந்தது. இங்கே அது வேண்டாம். கொட்டிய முதல் 24 மணித்தியாலம் பொலித்தீன் போட்டு மூடி, ஈரம் பறக்காமல் வைத்தால் போதும். அதற்குப் பிறகு ஒரு துளியும் விடக்கூடாது.

மூடையும் கல்லும் வைக்கும் இடம்

மாரிக்காலத்தில் தகரக் கொட்டிலுக்குள் சீமெந்து கட்டிபட்டுப் போவது நமக்குத் தெரிந்த நட்டம். மக்னீசியாக் கல்லுக்கு நேர்வது இன்னும் கள்ளத்தனமானது. மக்னீசியா ஈரத்தோடு சேர்ந்து மக்னீசியம் ஐதரொட்சைட்டாக மாறும்போது அதன் கனவளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். கல் உள்ளிருந்து வெடிக்கும். மழை நேரே படவேண்டும் என்றுகூட இல்லை, கடலோரக் காற்றின் ஈரப்பதனே காலப்போக்கில் அதைச் செய்துவிடும். விளிம்பில் வெள்ளையாக மாப்போல் பூத்திருந்தாலோ, மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தாலோ, தட்டும்போது சத்தம் கணீரென்று வராமல் மந்தமாக வந்தாலோ அந்தக் கல்லை ஒதுக்குங்கள். போர்மன் முகம் சுளித்தாலும் ஒதுக்குங்கள். பழைய மூடை முன்னுக்கு, புதியது பின்னுக்கு. பலகைக்கு மேல், சுவரிலிருந்து தள்ளி.

காயவைப்பதில் அவசரம்

அதிகம் பேர் காயப்படுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒரு டன்டிஷின் சேஃப்டி லைனிங்குக்கு 6 தொன் காஸ்டபிள் போனதென்று வையுங்கள். ஐந்தரை வீதத் தண்ணீர் என்றால் 330 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் நீராவி. இவ்வளவும் அந்தச் சுவரின் நுண்துளைகளால் மெதுவாக வெளியே வரவேண்டும். பாதி தண்ணீர்தான் சும்மா கிடப்பது, 100 பாகையை ஒட்டி அது போய்விடும். மற்றது சீமெந்தோடு பிணைந்திருப்பது. 200, 300 பாகை தாண்டித்தான் அது கழன்று வரத் தொடங்கும். "வெளியில் காய்ந்துவிட்டது, பேர்னரைக் கூட்டு" என்று சொல்லும்போது உள்ளே இந்த இரண்டாவது தண்ணீர் முழுசாக இருக்கும். வெளிப்படை இறுகி வழியை அடைக்க, உள்ளே ஆவி அமுக்கம் ஏற, லைனிங் வெடித்துத் துண்டு துண்டாகச் சிதறும். குண்டுச் சத்தம் கேட்டுப் பழகிய நம் ஊராட்களையே அது திடுக்கிட வைக்கும்.

வெப்பநிலை அட்டவணையைத் தயாரிப்பாளர் தருவார். மணிக்கு 25, 30 பாகை என்ற வேகத்தில் ஏற்றி, 150, 350, 600 பாகைகளில் மணிக்கணக்காக நிறுத்தி வைப்பது வழக்கமான மாதிரி. தடிப்புக்கு ஏற்ப அது மாறும். அடுத்த ஷிஃப்டுக்காரர் வரும்போது அட்டவணையில் எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதி வைக்காமல் போனதால் பலமுறை பிழை நடந்திருக்கிறது.

அந்த அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றினாலும் மூன்று இடத்தில் கோட்டை விடலாம். வெப்பமானியைப் பேர்னர்ச் சுவாலைக்குப் பக்கத்தில் வைத்தால் அது காட்டுவது காற்றின் சூடு, லைனிங்கின் சூடு வேறாக இருக்கும். சுவாலை ஒரே இடத்தில் நேராகப் படும்படி விட்டால் அந்த இடம் கருகி, மற்ற மூலை ஈரமாகவே கிடக்கும். மூன்றாவது, இரும்பு உடலில் ஆவி போக விட்ட சிறு துவாரங்கள். பழைய கலவை, பெயின்ற், துரு எல்லாம் சேர்ந்து அவை அடைபட்டிருக்கும். வேலை தொடங்க முன் ஒவ்வொன்றையும் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். காயும்போது அவற்றால் தண்ணீர் சொட்டும், பிறகு ஆவி வரும். ஆவி நிற்கும்வரை அடுத்த படிக்கு ஏறக் கூடாது. சில காஸ்டபிளுக்குள் பொலிப்புறொப்பிலீன் நூல் கலந்திருக்கும். 160, 170 பாகையில் அது உருகி ஆவிக்கு வழி விடும். நூல் இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுவது சரியல்ல.

தேய்படையும் உமிச் சாம்பலும்

மக்னீசியாத் தேய்படையைத் தண்ணீரோடு விசிறுவதும் உண்டு, உலர் தூளாகக் கொட்டி அதிர்த்துச் சூடாக்கி இறுக்குவதும் உண்டு. விசிறும்போது அடிச்சுவர் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். மிகவும் சுட்டால் ஆவி பின்னால் நின்று தள்ள, படை பாளம் பாளமாகக் கழன்று விழும். விசிறிய படையைச் சரியாகக் காயவைக்காவிட்டால் மிச்ச ஈரத்தின் ஐதரசன் உருக்குக்குள் போய்ப் பில்லெட்டில் துளையாக வரும். லேடிலிலிருந்து உருக்கு விழும் இடத்திலும் கசடு மிதக்கும் மட்டத்திலும் தடிப்பைக் கம்பியால் குத்தி அளந்து பாருங்கள், மெலிவது முதலில் அங்கேதான். அடியிலுள்ள சேஃப்டி லைனிங்கில் வெடிப்பும் பள்ளமும் இருந்தால் தேய்படை அதில் கவ்விப் பிடித்து, உதிர்க்கும்போது அதையும் பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் அதை ஒட்டித் திருத்த வேண்டும்.

நம் அரிசி ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பலை நீங்கள் டன்டிஷ் மேடையிலும் காண்பீர்கள். உருக்கின் மேல் தூவி மூடினால் சூட்டை அருமையாக அடக்கி வைக்கும். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. சிலிக்கா அமிலத்தன்மை, மக்னீசியா காரத்தன்மை. அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் கசடு மட்டத்தில் தேய்படையை அது கரைத்துத் தின்னும், அலுமினியம் போட்டுத் தூய்மையாக்கிய உருக்கையும் பழுதாக்கும். காரக் கசடுத்தூளைக் கீழே விட்டு, சாம்பலை அதற்கு மேல் சூடு காக்க மட்டும் மெல்லியதாகப் பரப்புவது நல்ல முறை.

இதே காரணத்தால்தான் மக்னீசியாக் கல்லின் இடுக்கைக் களிமண் சாந்தால் அடைக்கக் கூடாது. செங்கல் சூளையோ ஒட்டுசுட்டான் ஓட்டுச் சூளையோ பார்த்து வளர்ந்தவர்களுக்குக் களிமண் சாந்து இயல்பாகக் கைக்கு வரும். ஆயிரம் பாகையை ஒட்டிய சூளைக்கு அது சரி. உருக்கின் சூட்டில் மக்னீசியாவோடும் கசடோடும் சேர்ந்து அது இளகி ஓடும். கல் எந்த இனமோ சாந்தும் அந்த இனம்.

விரிவு இடைவெளியை மறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். ஆயிரம் பாகையில் மக்னீசியா ஒரு மீற்றருக்கு 13, 14 மில்லிமீற்றர் நீளும். அங்கர் கம்பி காஸ்டபிளை விடக் கூடுதலாக விரியும் என்பதால் அதன் நுனிக்குப் பிளாஸ்ரிக் மூடியோ தார்ப்பூச்சோ வேண்டும். லேடிலின் கசடு மட்டத்தில் வைக்கும் மக்னீசியா-காபன் கல்லை வெறும் சுவாலையில் நீண்ட நேரம் சூடாக்கினால் காபன் எரிந்து போய்க் கல் சாம்பலாகப் பொருபொருக்கும். காபன் எரியாமல் காக்கும் பூச்சு கல்லின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடல் சிவந்தால்

வார்ப்பு நடக்கும்போது டன்டிஷிலோ லேடிலிலோ இரும்பு உடலில் ஒரு இடம் மங்கலாகச் சிவந்தால், உள்ளே லைனிங் போய்விட்டது என்று பொருள். உடனே கத்திச் சொல்லுங்கள், ஆட்களை விலக்குங்கள், வார்ப்பை நிறுத்தும் முடிவை மேற்பார்வையாளர் எடுக்கட்டும். குழாயால் தண்ணீர் அடிக்க ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். உருக்கு அந்த நேரம் உடைத்துக்கொண்டு வந்து, தேங்கிய தண்ணீரின் மேல் விழுந்தால் தண்ணீர் ஒரு கணத்தில் ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கி எறியும். டன்டிஷைச் சுமக்கும் காரின் அடியிலும், உருக்கு கொட்டுப்பட்டால் ஏந்தும் அவசரக் குழியிலும் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே பாருங்கள். 2009க்குப் பிறகு ஏ9 வீதியால் லொறி லொறியாகப் பழைய இரும்பு போனது நினைவிருக்கும். உருக்குவதற்குப் போடும் அப்படியான பழைய இரும்போடு, உள்ளே தண்ணீர் அகப்பட்ட வாய் மூடிய குழாயும் சிலிண்டரும் உலைக்குள் விழுந்தால் நடப்பதும் இதே வெடிப்புத்தான், அதில் முதலில் நொறுங்குவதும் லைனிங்தான்.

பழைய லைனிங்கை உடைக்கும்போது எழும் தூசில் நுண்ணிய சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிசுக்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முகத்தில் கட்டிய துணி அந்தத் தூசை மறிக்காது. என்95 அல்லது அதற்கு மேலான தரத்து முகக்கவசத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள், தாடி இடையில் நின்று காற்று புகாதபடி மழித்துக்கொள்ளுங்கள். போக முன் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். விடுமுறையில் வரும்போது எடுக்கும் எக்ஸ்ரேயை டொக்டர் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.