பைப் வெல்டில் குறை: ஏற்பதா, வெட்டுவதா?

சேலம் சுற்றுவட்டாரத்தில் துணி பிராசஸிங் யூனிட்டுகளுக்குத் தெர்மிக் ஃப்ளூயிட் (வெப்பம் கடத்தும் சூடான எண்ணெய்) லைன் போடும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெல்டிங் தெரியும், பைப் ஷெட்யூல் (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் பிராசஸ் பைப்புகளுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதிப்படி. கம்பெனியின் ஸ்பெக் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

முதல் படி: லைனில் என்ன ஓடுகிறது?

எரியாத, விஷமில்லாத திரவம், அழுத்தம் (சதுர செ.மீ.க்கு) 10.5 கிலோவுக்குள், வெப்பம் 186 டிகிரிக்குள் என்றால் ‘கேட்டகரி டி’ என்ற தளர்வான பிரிவில் வரலாம். குளிர்நீர் லைன் அப்படி. தெர்மிக் ஆயில் எரியும், அதனால் ‘நார்மல்’ பிரிவு. கீழே உள்ளவை நார்மல் பிரிவில் பைப்பைச் சுற்றிப் போடும் பட் வெல்டுக்கு (முனையோடு முனை சேர்க்கும் வெல்டு).

இரண்டாம் படி: கண்ணால் பார்ப்பது

கேப்பை (வெல்டின் மேல் புடைப்பை) வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் அண்டர்கட் (வெல்ட் ஓரத்தில் பைப்பில் விழும் பள்ளம்) மறைந்துவிடும். சாய்த்தால் வெல்டின் ஓரத்தில் கறுப்புக் கோடாக நிழல் விழும். செல்போன் வெளிச்சம் இதற்குப் போதாது. பள்ளமும் உயரமும் அளக்கும் பிரிட்ஜ் கேம் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள். தகடு மாதிரி விற்கும் மலிவு கேஜ்களை நான் நம்புவதில்லை. கேஜின் காலைப் பைப்பின் நீளவாக்கில் வையுங்கள், வளைவின் மேல் வைத்தால் அளவு பொய் சொல்லும்.

அண்டர்கட் 1 மி.மீ., சுவர்த் தடிமனில் கால் பங்கு, இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. 0.9 மி.மீ. அண்டர்கட் 4 இஞ்ச் ஷெட்யூல் 40-இல் தேறும். 1 இஞ்சில் தேறாது, அதன் சுவரே 3.38 மி.மீ.தான். கேப் உயரத்திலும் இப்படித்தான். 6 மி.மீ. வரை தடிமனுக்கு 1.5 மி.மீ., அதற்கு மேல் 13 வரை 3 மி.மீ. ஒரே ரேக்கில் 3 இஞ்சும் (5.49) 4 இஞ்சும் (6.02) ஓடும். இரண்டிலும் கேப் 2 மி.மீ. என்றால் ஒன்று ரிஜெக்ட், மற்றது ஓகே. முதலில் தடிமனை எழுதிவைத்துக்கொண்டு அப்புறம் கேஜை எடுங்கள்.

மூன்றாம் படி: எக்ஸ்ரே ஃபிலிமில் தெரியும் கறுப்புக் கோடு

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ரூட் (வெல்டின் அடிப்பகுதி) பக்கம் கறுப்புக் கோடு தெரிந்தால் உடனே ஸ்கேலை வைக்காதீர்கள். அது என்ன குறை என்று முதலில் பெயர் வையுங்கள். வெல்டின் நட்டநடுவில், ஓரங்கள் வெட்டினதுபோல் நேராக இருந்தால் பெரும்பாலும் முழுசாக இறங்காத ரூட். இதற்குச் சலுகை உண்டு: ஆழம் 1 மி.மீ. அல்லது தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு, எது குறைவோ அதற்குள், 150 மி.மீ. வெல்டில் மொத்த நீளம் 38 மி.மீ.க்குள். கோடு நடுவிலிருந்து விலகி, ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் கோணலாகவும் இருந்தால் பக்கச் சுவர் ஒட்டவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஒட்டாமைக்கு அரை மில்லிகூடச் சலுகை கிடையாது. கிராக்கும் அப்படியே, எந்த நீளமானாலும் ரிஜெக்ட். ஃபிலிம் நீளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். ஆழம் புரியாவிட்டால் யூ.டி. (அல்ட்ராசோனிக் சோதனை) போடுங்கள், இல்லையென்றால் வெட்டி ரிப்பேர் செய்யுங்கள்.

“அண்ணே, ஹைட்ரோ டெஸ்ட்டில் ஒன்றரை மடங்கு தாங்கிடுச்சே?” என்பார்கள். அது குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் நடக்கும் சோதனை. இந்த லைனோ ஒவ்வொரு முறை ஹீட்டர் ஏறி இறங்கும்போதும் விரிந்து சுருங்கும். ஒட்டாத இடம் மெல்லப் பிளந்து, கசியும் எண்ணெய் இன்சுலேஷனுக்குள் ஊறி, அங்கேயே தீப்பிடிக்கும். பக்கத்தில் ஆள் வேலை செய்துகொண்டிருப்பார். அதனால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நான்காம் படி: ரிஜெக்ட் ஆனால்

கிரைண்ட் செய்து, டை பெனிட்ரன்ட் (குறையைக் காட்டும் சாயம்) அடித்து, குறை முழுசாகப் போய்விட்டதா என்று பார்த்த பிறகே மறு வெல்ட். பிறகு அதே சோதனையை மறுபடி செய்யவேண்டும். நார்மல் பிரிவில் குறைந்தது 5 சதவீத மூட்டுகளுக்குத்தான் எக்ஸ்ரே. அதில் ஒன்று விழுந்தால், அதே வெல்டர் போட்ட இன்னும் இரண்டை எடுக்கவேண்டும். அதிலும் விழுந்தால், விழுந்த ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. அப்போதும் விழுந்தால் அவர் போட்ட அந்த லாட் (அந்தத் தொகுதி மூட்டுகள்) முழுவதும். விழுந்ததை மட்டும் ரிப்பேர் செய்துவிட்டுப் போவது விதிமீறல்.

ஏற்காட்டில் மழைநாளில் வேலை என்றால் 7018 வெல்டிங் ராடைச் சூடான குவிவரிலிருந்தே (ராடைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி) எடுங்கள். பனியில் திறந்து வைத்தால் ஈரம் ஏறி, போரோசிட்டி (வாயுத் துளைகள்) கொத்துக் கொத்தாக வரும்.

பின்சேர்க்கை: ஸ்டீம் லைனுக்கும் இதே அளவுகளா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அழுத்தம் 3.5 கிலோவுக்கு மேல், அல்லது உள்விட்டம் 254 மி.மீ.க்கு மேல் என்றால் அது ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை) லைன், பாய்லர் இன்ஸ்பெக்டர் ஒப்புதல் வேண்டும், சான்றிதழ் பெற்ற வெல்டர்தான் தொடவேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய லைனில் தேய்மானம் என்றாலும் இந்தப் பட்டியல் பொருந்தாது. அதற்கு ஏபிஐ 570, 579 விதிகள் இரண்டையும் பாருங்கள்.